வாடகையும் பழுதும்: இரண்டு தனிக் கணக்குகள்

(அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு முன்னர் இம்மேடையில் பேசியவர்கள் நூலறிவு மிக்கவர்கள். நானோ முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். வீட்டை வாடகைக்கு விடுவோருக்குச் சில செய்திகளைச் சொல்லுங்கள் என்று நிர்வாகிகள் கேட்டபோது தயங்கினேன். விழா மேடையில் பேசத்தக்க பொருளா இது என்ற ஐயம் எழுந்தது. நம்மவர் குடும்பங்களின் இன்றைய நிலையை எண்ணிப் பார்த்த பின் அந்த ஐயம் நீங்கிற்று.

வந்தவாசி, ஆரணி, போளூர், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களின் சிற்றூர்களில் நிலத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் நம்முடையவை. கல்வியும் உத்தியோகமும் நம்மைக் காஞ்சிபுரம், வேலூர், சென்னை என்று நகரங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தன. ஓய்வு பெறும்போது கிடைத்த பணத்தையும், ஊரில் பங்கு நிலம் விற்ற பணத்தையும் போட்டு வீட்டின்மேல் ஒரு மாடி கட்டுகிறோம். கீழே நாம், மேலே குடித்தனம். நேற்று வரை வாடகை கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் இன்று வாடகை வாங்குவோர் ஆகியிருக்கிறோம். கொடுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. வாங்குவது எப்படி என்பதை எவரும் நமக்குக் கற்றுத் தரவில்லை. நானும் கல்லாமலே இறங்கித் தவறு செய்தேன். அந்தத் தவற்றையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்னைப் புறநகரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின்மேல் இரண்டு அறை, சமையலறை, குளியலறையுடன் ஒரு மாடி கட்டினேன். மாத வாடகை 8,500 ரூபாய்; அட்வான்ஸ் 25,000 ரூபாய். குடிவந்தவர் ஒரு தனியார் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மனைவி, பள்ளிக்குச் செல்லும் மகள், வயதான தாயார் என நால்வர். தட்டச்சுக் கடையில் ஆயத்தமாக வைத்திருந்த ஒப்பந்தத்தில் பெயரையும் தொகையையும் மாற்றி, முத்திரைத்தாளில் பதினொரு மாதத்துக்குக் கையெழுத்திட்டோம். அதை இருவருமே முழுமையாகப் படிக்கவில்லை. வாடகை ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் என்பது மட்டும் இருவர் நினைவிலும் இருந்தது. பழுது நேர்ந்தால் யார் பொறுப்பு என்பது பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை என்பதைப் பின்னர்தான் கண்டேன்.

முதல் நான்கு மாதம் வாடகை தவறாமல் வந்தது. ஐந்தாம் மாதம் 17ஆம் தேதி வந்தது. ஆறாம் மாதம் பாதிதான் வந்தது. ஏழாம் மாதம் வரவேயில்லை. இதற்கிடையே, மழைக்காலம் தொடங்குமுன்னரே அவர் என்னிடம் ஒரு குறை சொல்லியிருந்தார். படுக்கையறையின் மேல்மூலையில் ஈரம் படர்கிறது, ஒருமுறை வந்து பாருங்கள் ஐயா என்றார். பார்க்கலாம் என்றேன். இரண்டாம் முறை சொன்னார். அப்போது வாடகை பாக்கி என் மனத்தில் உறுத்திக்கொண்டிருந்தது. “முதலில் வாடகையைக் கொடுங்கள், பிறகு சுவரைப் பார்ப்போம்” என்றேன். அவருக்கும் கோபம் வந்தது. “சுவர் இப்படி இருக்கும் வீட்டுக்கு முழு வாடகை எப்படிக் கொடுப்பது?” என்றார். அன்று முதல் மாடிப்படியில் எதிர்ப்பட்டாலும் முகம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டோம்.

ஐப்பசியில் மழை கொட்டியது. ஈரம் சுவர் வழியே இறங்கி மின்விளக்கின் சுவிட்சுப் பெட்டி வரை வந்துவிட்டது. அந்தச் செய்தியை அவர் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் வாடகைப் பேச்சுத்தான் பதிலாக வரும் என்று எண்ணியிருப்பார். என் பங்குக்கு நான் செய்ததை இன்று சொல்லவும் நாணுகிறேன். ஒரு காலையில், மேல்வீட்டுக்குத் தண்ணீர் செல்லும் கேட் வால்வை மூடினேன். தண்ணீர் நின்றால் தானே இறங்கி வந்து பேசுவார் என்பது என் கணக்கு.

இறங்கி வந்தவர் அவர் அல்லர். அவருடைய தாயார் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். “குழாயில் ஏதோ கோளாறு போலிருக்கிறது. ஒரு குடம் தண்ணீர் பிடித்துக்கொள்ளலாமா, அம்மா?” என்று என் துணைவியாரிடம் கேட்டார். நான் வால்வை மூடியது அந்த அம்மையாருக்குத் தெரியாது. என் துணைவியார் குடத்தை நிரப்பித் தாமே மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பிறகு என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்: “ஊரில் அத்தை, கன்று வயிறு நிறைந்த பிறகுதானே பால் கறப்பார்கள்? அந்த வீட்டில் வளர்ந்துவிட்டு ஒரு கிழவியின் குடத்தை அடைத்துவிட்டீர்களே.”

நான் எழுந்துபோய் வால்வைத் திறந்தேன். மூடியிருந்தது மூன்று மணி நேரந்தான். ஆனாலும் அந்த மூன்று மணி நேரத்தை நான் மறக்கவில்லை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தை நம் வீடுகளில் பலர் பாராயணம் செய்வதுண்டு. கொல்லாமை என்னும் அணுவிரதத்துக்கு நேரும் குற்றங்களுள் ஒன்றாக அன்னபான நிரோதத்தை, அதாவது நம்மைச் சார்ந்து நிற்கும் உயிர்களுக்கு உணவையும் நீரையும் தடுப்பதை, உமாசுவாமிகள் அங்கே வைத்திருக்கிறார். அது கால்நடைக்குச் சொன்னது என்று எண்ணிப் பல ஆண்டுகள் படித்துக்கொண்டிருந்தேன். கேட் வால்வும் அதற்குள் அடங்கும் என்பது அன்று விளங்கியது.

அன்று மாலை நெடுநேரம் யோசித்தேன். கணக்கு வகுப்பில் முதலில் சொல்லித் தருவது என்ன? அலகு வேறான இரண்டு அளவுகளைக் கூட்டாதே, கழிக்காதே. மீட்டரிலிருந்து கிலோகிராமைக் கழிக்க முடியாது. முப்பத்து நான்கு ஆண்டுகள் இதைச் சொல்லிக் கொடுத்தவன், என் வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அவர் தர வேண்டிய வாடகையிலிருந்து நான் செய்ய வேண்டிய பழுதைக் கழித்துக்கொண்டிருந்தேன். அவரும் நான் செய்யாத பழுதிலிருந்து தம் வாடகையைக் கழித்துக்கொண்டிருந்தார். இருவருக்கும் விடை வரவில்லை. ஓதம் மட்டும் வளர்ந்தது.

இன்று உங்களிடம் நான் வேண்டிக்கொள்வது இந்த ஒன்றுதான். வாடகைத் தாமதம் ஒரு கணக்கு; வீட்டுப் பழுது வேறொரு கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை நிறுத்தி வைக்காதீர்கள். இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள், தனித்தனியே தீருங்கள்.

மறுநாள் காலை இரண்டு தாள்களை எடுத்துக்கொண்டு மேலே சென்றேன். முதலில், தண்ணீரை நிறுத்தியது நான்தான் என்று அந்த அம்மையாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஒரு தாளில் “பழுது” என்றும், மற்றொரு தாளில் “வாடகை” என்றும் தலைப்பு எழுதினேன். பழுதுத் தாளை முதலில் எடுத்தோம். ஏனெனில் அதில் உயிருக்கு ஆபத்து இருந்தது.

சுவிட்சுப் பெட்டியைக் கண்டதும் எனக்கு உடல் நடுங்கிற்று. அந்த அறைக்கான மின்னிணைப்பை உடனே நிறுத்தி, எலெக்ட்ரீஷியனை வரவழைத்தேன். பிறகு கொத்தனாரோடு மொட்டைமாடிக்கு ஏறினேன். மழைநீர் இறங்கும் குழாயின் வாயை வேப்பிலைச் சருகு அடைத்திருந்தது. நீர் வடியாமல் கணுக்கால் அளவு தேங்கி, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் இடத்திலிருந்த வெடிப்பு வழியே இறங்கிக்கொண்டிருந்தது. சருகை அகற்றி, மழை விட்டபின் வெடிப்பைக் கொத்திப் பூசி, நீர்க்காப்புப் பூச்சும் பூசி, மின்கம்பியும் மாற்றி முடித்தபோது 14,600 ரூபாய் ஆயிற்று. அவர் முதன்முறை சொன்ன அன்றே மாடிக்கு ஏறியிருந்தால் அரைநாள் கூலியோடு முடிந்திருக்கும் என்றார் கொத்தனார். வாடகை பாக்கிக்காக நான் ஒத்திப்போட்ட வேலை, அந்தப் பாக்கியைவிட அதிகமாகச் செலவு வைத்துவிட்டது.

அடுத்து வாடகைத் தாளை எடுத்தோம். அவர் வேலை செய்த இடத்தில் இரண்டு மாதமாகச் சம்பளம் முழுமையாகத் தரவில்லை. அதை என்னிடம் சொல்ல அவருக்கு வெட்கம். பாக்கி ஒன்றரை மாதம், 12,750 ரூபாய். அதை மூன்று தவணையாக, நடப்பு வாடகையோடு சேர்த்துத் தருவதாக எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். கடைசித் தவணை பத்து நாள் பிந்திற்று. ஆனால் பிந்தும் என்பதை அவர் முன்னதாகவே வந்து சொன்னார். முன்னதாகச் சொல்லப்படும் தாமதத்துக்கும் சொல்லாமல் நேரும் தாமதத்துக்கும் எவ்வளவு வேறுபாடு என்பதை அன்று உணர்ந்தேன்.

பெரியோர்களே, என் தவறு கண்டிப்பு மிகுந்ததால் நேர்ந்தது. கண்டிப்பே இல்லாமையாலும் தவறு நேரும். அதற்கும் எங்கள் குடும்பத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

எனக்கு உறவு முறையில் அத்தை ஒருவர். கணவரை இழந்தவர், மக்கட்பேறு இல்லாதவர். சிறு நகரம் ஒன்றில் அவருக்கு இருந்த ஒரு வீட்டின் வாடகைதான் அவருக்கு ஓய்வூதியம், அதுவே மருத்துவச் செலவுக்கும். ஒப்பந்தம் கிடையாது, ரசீது கிடையாது. குடியிருந்தவர் ஒருமுறை தம் கஷ்டத்தைச் சொன்னார். அத்தை, “கிடைக்கும்போது கொடுப்பா” என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதமும் அதே சொல். ஏழு மாதம் ஓடிற்று. கேட்பதற்கு அத்தைக்குக் கூச்சம். பிறரை வருத்துவது பாவம் என்று எண்ணினார். அந்த ஏழு மாதமும் அவர் தம் இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கிக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இதுவும் இம்சைதான். இங்கே துன்புறுத்தப்பட்டவர் வீட்டுக்காரர். இரக்கம் வேறு, கணக்கு இல்லாமை வேறு. இரக்கப்பட்டு ஒருவருக்கு இரண்டு மாதத் தவணை கொடுப்பது அறம். எவ்வளவு பாக்கி, எப்போது தீரும் என்றே எழுதாமல் விடுவது அவரையும் கடனில் ஆழ்த்தும், நம்மையும் வருத்தும். அத்தையின் வீட்டில், வழக்கறிஞர் மூலம் முறைப்படி ஓர் அறிவிப்பு அனுப்பிய பின்னர்தான் பேச்சே தொடங்கிற்று. அட்வான்ஸைக் கழித்ததுபோக மூன்று மாத வாடகை வராமலே போயிற்று. குடியிருந்தவர் வீட்டைக் காலிசெய்தார். முதல் மாதமே ஒரு தாளில் எழுதியிருந்தால் அவர் காலிசெய்ய வேண்டியே வந்திராது என்று இன்றும் நினைக்கிறேன்.

இனி, நடைமுறைக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் இன்று இதற்கென ஒரு சட்டம் உண்டு. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக, சொத்து உரிமையாளர், வாடகைதாரர் இருவருடைய உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதினொரு மாதத்துக்கு எழுதினால் பதிவே வேண்டாம் என்ற பழைய எண்ணத்தை விட்டுவிடுங்கள். இச்சட்டப்படி எந்த வாடகைக் குடித்தனமும் எழுத்து வடிவ ஒப்பந்தத்தின் பேரில் இருத்தல் வேண்டும். அவ்வொப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து பதிவு எண் பெறவும் வேண்டும். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் ஒருவர் வாடகை அதிகாரியாக நியமிக்கப்படுகிறார். இணையவழியே பதிவு செய்யவும் அரசு வழி செய்திருக்கிறது. பதிவு இல்லாத தாள், தகராறு வரும் நாளில் நமக்கே பலவீனம்.

ஒப்பந்தம் எழுதும்போது தட்டச்சுக் கடையின் தாளில் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். வாடகை நாள், எந்த வழியில் செலுத்துவது, பிந்தினால் என்ன செய்வது, மின்கட்டணம், தண்ணீர், பராமரிப்புக் கட்டணம் யாருடையவை, எந்தப் பழுது யார் பொறுப்பு, காலிசெய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு ஆகியவற்றை எழுதுங்கள். குடிவரும் அன்று சுவர், கதவு, குழாய், சுவிட்சு ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து இருவரும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் “இது முன்பே இருந்தது”, “இல்லை, நீங்கள்தான் உடைத்தீர்கள்” என்ற வாதம் இந்தப் படங்களால் ஒழியும். சமையலில் புலால் கூடாது என்பது போன்ற வேண்டுகோள் உங்களுக்கு இருந்தால், அட்வான்ஸ் வாங்குமுன் நயமாகவும் தெளிவாகவும் சொல்லிவிடுங்கள். மூன்றாண்டு கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, வாடகை பிந்திய மாதத்தில் அதை ஆயுதமாக எடுப்பதும் இரு கணக்குகளைக் கலக்கும் குற்றமே.

பழுதுக் கணக்கைப் பார்ப்போம். யார் எதைச் செய்ய வேண்டும் என்பதைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே பிரித்துக் காட்டுகிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை அந்தப் பிரிவினை பொருந்தும். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுதல், உள்ளும் புறமும் மின்கம்பிப் பணி ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. தண்ணீர்க் குழாயின் வாஷரும் திருகும், வடிகால் அடைப்பு, கழிப்பறை, கைகழுவும் தொட்டி இவற்றின் பழுது, சுவிட்சு, பிளக், கதவின் பூட்டு, கைப்பிடி, சன்னல் கண்ணாடி, கொசுவலை ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. சுருக்கமாகச் சொன்னால், வீட்டின் உடம்பு நம்முடையது. அன்றாடப் புழக்கத்தில் தேய்வது அவருடையது. குடியிருப்பவர் செய்த சேதத்தால் நேர்ந்த கட்டடப் பழுது நம் கணக்கில் வாராது.

தம் பொறுப்பை ஒருவர் மறுத்தால் என்ன செய்வது? குடியிருப்பவர் மறுத்தால், உரிமையாளர் அவ்வேலையைச் செய்து அட்வான்ஸிலிருந்து கழிக்கலாம். உரிமையாளர் மறுத்தால், குடியிருப்பவரே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆயின் எந்த ஒரு மாதத்திலும் வாடகையில் பாதிக்குமேல் கழித்தல் கூடாது. ஆகவே குடியிருப்பவர் ரசீதோடு வந்து நின்றால் சினம் கொள்ளாதீர்கள். நாம் செய்யத் தவறியதை அவர் செய்திருக்கிறார். எனினும் அந்தக் கழிவை வாடகை ரசீதில் தனி வரியாகக் காட்டுங்கள். முழு வாடகை இவ்வளவு, பழுதுக்காகக் கழித்தது இவ்வளவு, பெற்றது இவ்வளவு என்று எழுதினால் இரு கணக்குகளும் கலக்கமாட்டா.

பழுதைக் கேட்ட நாளையும், முடித்த நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். மின்கசிவு, தண்ணீர் நின்றுபோதல், கழிவுநீர் பொங்குதல் ஆகிய மூன்றுக்கும் அன்றே ஆள் அனுப்புங்கள். நீர்க்கசிவுக்கு அந்த வாரத்துக்குள் நேரில் சென்று பாருங்கள். வண்ணப்பூச்சு போன்றவை காத்திருக்கலாம். ஆனால் எந்த மாதம் செய்வோம் என்று சொல்லிவிடுங்கள். ஆண்டுதோறும் ஒரு மாத வாடகையைப் பழுதுக்கென ஒதுக்கிவைக்கும் வழக்கத்தை நான் கைக்கொண்டிருக்கிறேன். அந்த மாத வாடகை நம்முடையதன்று, வீட்டினுடையது என்று எண்ணிவிட்டால் கொத்தனாரை அழைக்கும்போது மனம் கசக்காது. ஆடி முடிவதற்குள் மொட்டைமாடிக்கு ஒருமுறை ஏறிச் சருகு அகற்றுவதையும் மறவாதீர்கள்.

வீட்டைப் பார்வையிடப் போவதற்கும் ஒரு முறை உண்டு. நம் வீடுதானே என்று கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போகக் கூடாது. 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவித்துவிட்டுச் செல்ல வேண்டும் என்பது சட்டம். சொந்தக்காரர் நாமாயினும் அது அவர்களுடைய குடித்தனம். அங்கே ஒரு பெண் பிள்ளை படித்துக்கொண்டிருப்பாள், ஒரு முதியவர் படுத்திருப்பார்.

அடுத்து வாடகைக் கணக்கு. எவ்வளவு சிறிய தொகையானாலும் ரசீது கொடுங்கள். வங்கி வழியே வந்தாலும் எந்த மாதத்து வாடகை என்பதைக் குறித்து ஒரு வரி அனுப்புங்கள். வாடகை பிந்தினால் நான் இப்போது பின்பற்றும் முறை இது. குறித்த நாள் கடந்து மூன்று நாள் பொறுப்பேன். நான்காம் நாள் தொலைபேசியில் நலம் கேட்டு நினைவூட்டுவேன். பத்தாம் நாள் ஒரு குறுஞ்செய்தி. அதில் தொகையும் மாதமும் மட்டும் இருக்கும், குத்தலான சொல் இராது. பதினைந்தாம் நாள் முன்னறிவித்து நேரில் போய் அமர்ந்து காரணம் கேட்பேன். கூடத்தில் உட்கார்ந்து கேட்பேன், மாடிப்படியில் நின்று கேட்கமாட்டேன். பிள்ளைகள் எதிரிலும் கேட்கமாட்டேன். காரணம் மெய்யானால் தவணை எழுதிக் கையெழுத்திடுவோம்.

இத்தனைக்கும் பிறகு வாராவிட்டால் சட்டத்தை நாடுவதில் பாவம் இல்லை. வாடகையும் ஒப்பந்தத்தில் கண்ட பிற கட்டணங்களும் இரண்டு மாத அளவுக்கு நிலுவை நின்று, முறைப்படி அனுப்பிய கேட்பு அறிவிப்பைப் பெற்ற ஒரு மாதத்துக்குள்ளும் முழுத் தொகை செலுத்தப்படாவிட்டால், வீட்டை மீட்கக் கோரி வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். அந்த ஒரு மாதத்துக்குள் அவர் முழுமையும் செலுத்திவிட்டால், அந்த நிலுவையைக் காரணம் காட்டி வெளியேற்ற இயலாது. இந்த ஒரு மாதம் குடியிருப்பவருக்குச் சட்டம் தரும் மூச்சுவிடும் நேரம். அதை நாமும் மனமுவந்து தரலாம். அறிவிப்பை வழக்கறிஞரைக் கலந்தே அனுப்புங்கள். நாமே எழுதும் கடிதத்தில் கோபம் புகுந்துவிடும்.

செய்யக் கூடாதவை சில. தண்ணீரை நிறுத்துதல், மின்னிணைப்பைத் துண்டித்தல், மாடிப்படிக் கதவைப் பூட்டுதல் ஆகியவை எக்காரணம் கொண்டும் கூடா. இன்றியமையாச் சேவைகளை நிறுத்துவதை இச்சட்டம் தடுக்கிறது. வாடகை அதிகாரி தண்டத்தொகையும் விதிக்கலாம். சட்டம் அறியாமல் அதைச் செய்தவன் நான். அந்தக் குடும்பம் என்மீது புகார் கொடுக்கவில்லை. அது அவர்களுடைய பெருந்தன்மையே அன்றி, என் தவறு சிறிது என்பதால் அன்று.

கடைசியாக அட்வான்ஸ் பற்றி ஒரு சொல். முன்பெல்லாம் சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது வழக்கம். இன்றைய சட்டம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்கிறது. வீட்டைக் காலிசெய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக மீதியைத் திருப்பித் தரவும் வேண்டும். பலர் அந்தப் பணத்தைக் கட்டடச் செலவில் போட்டுவிட்டு, அடுத்த குடித்தனம் வரட்டும் என்று காத்திருக்கச் சொல்கிறோம். சுண்ணாம்பு அடிக்க இவ்வளவு, ஆணித் துளைக்கு இவ்வளவு என்று கழிக்கவும் தொடங்குகிறோம். மூன்றாண்டு ஒரு குடும்பம் வாழ்ந்த சுவர் மங்கத்தான் செய்யும். அது சேதமன்று. வாழ்ந்ததற்கு அவர்கள் வாடகை தந்துவிட்டார்கள். ஒருவர் நம்மிடம் ஒப்படைத்ததைக் குறைத்துத் தருவதற்கு நியாசாபகாரம் என்று பெயரிட்டு, வாய்மை விரதத்தின் குற்றங்களுள் ஒன்றாக வைத்திருக்கிறார்கள் நம் ஆசிரியர்கள். திருடுவதிலே வைக்காமல் பொய்யிலே வைத்தார்கள். அதன் பொருத்தம், கழிவுப் பட்டியல் எழுத உட்காரும்போதுதான் தெரியும். ஆகவே அட்வான்ஸை வங்கியில் தனி வைப்பாக வைத்துவிடுங்கள். அது நம் பணம் அன்று.

என் மேல்வீட்டுக்காரர் மேலும் மூன்றாண்டுகள் எங்களோடு இருந்தார். பணியிட மாற்றம் வந்து காலிசெய்த அன்று, ஒரு சன்னல் கண்ணாடிக்கும் ஒரு பூட்டுக்கும் 850 ரூபாய் கழித்துக்கொள்ளுங்கள் என்று அவரே எழுதிக் கொண்டுவந்தார். மீதி 24,150 ரூபாயை அன்றே கொடுத்தேன். அவருடைய தாயார் அதற்குள் காலமாகிவிட்டிருந்தார். சாமான் வண்டியில் ஏற்றும்போது அந்தப் பித்தளைக் குடத்தைக் கண்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் பணிபுரியும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பெற்றோர் பெயரில் வாடகை வீடு இருந்தால், இந்த விழா முடிந்து ஊர் திரும்புமுன் அவர்களோடு ஒரு மணி நேரம் அமருங்கள். ஒப்பந்தம் இருக்கிறதா, பதிவு செய்யப்பட்டதா, எத்தனை மாத வாடகை நிற்கிறது, எந்தப் பழுது காத்திருக்கிறது என்று கேட்டு, இரண்டு தாள்களில் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள். கேட்கக் கூச்சப்படும் முதியவர்கள் நம் குடும்பங்களில் பலர். அவர்களுடைய மாத்திரைச் செலவு அந்தத் தாளில் அடங்கியிருக்கலாம்.